பாட்டிக்குத் தெரிந்த தண்ணீர்

சென்ற வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் பழுது, அவ்வளவுதான் சமாசாரம். ஆனால் எட்டு மணிக்குள் எங்கள் வீட்டில் நடந்த அமர்க்களத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! குளிக்காமல் ஆபீசுக்குப் போவதா என்று ஒருவர் கூடத்தில் உலாவுகிறார். பல் தேய்க்கும் பிரஷ்ஷுடன் ஒரு பிள்ளை வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறான். நான் அரிசி களைய வழியில்லாமல் அடுப்பங்கரையில் நிற்கிறேன்.

எதிர் வீட்டு மாமி ஒரு குடம் ஜலம் கொடுத்து உதவினாள். கூடவே ஒரு பிரசங்கமும் செய்தாள். "ஒரு நாளைக்கே இப்படித் தவிக்கிறாயே! 2019-ஆம் வருஷம் மறந்து போச்சா? லாரிக்குப் பின்னால் குடத்தைத் தூக்கிண்டு ஓடினோமே! ஜோலார்பேட்டையிலேருந்து ரெயிலில் தண்ணி வந்துதே! மழை கொட்டினதும் எல்லாத்தையும் துடைச்சுப் போட்டுட்டோம்."

மாமி சொன்னது சுருக்கென்று தைத்தது. உண்மைதானே? கஷ்டம் வந்தால் அழுகிறோம், போனதும் மறந்துவிடுகிறோம். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் யார்? இந்தக் கேள்விக்கு எனக்கு மிகவும் தூரத்திலிருந்து ஒரு பதில் கிடைத்தது. அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

*

சில வருஷங்களுக்கு முன் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் ஒரு போட்டோ வந்தது. உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். ஆகாயத்திலிருந்து எடுத்த படம். காய்ந்து போன தரையில் ஆறு ஒட்டகச் சிவிங்கிகள் வட்டமாகச் செத்துக் கிடக்கின்றன. நீண்ட கழுத்துக்கள் கோலம் போட்டாற்போல் வளைந்து கிடக்கின்றன. 1921 அல்ல, 1951 அல்ல. 2021-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்தின் வட கிழக்கே, வாஜிர் என்ற ஜில்லாவில் எடுத்தது.

அவை எப்படிச் செத்தன, தெரியுமா? தண்ணீர் இல்லாமல் என்று சொன்னால் பாதிதான் சரி. வற்றிக்கொண்டிருந்த ஒரு நீர்த்தேக்கத்தில் கொஞ்சம் ஜலம் மிச்சமிருந்தது. அதைக் குடிக்கப் போன ஒட்டகச் சிவிங்கிகள் கரைச் சேற்றில் கால் புதைந்து மாட்டிக்கொண்டன. பட்டினியால் மெலிந்திருந்த உடம்பில் காலைப் பிடுங்கிக்கொள்ளத் தெம்பில்லை. அங்கேயே விழுந்தன. மிச்சமிருந்த நீர் கெட்டுப் போகாமலிருக்க, ஊர் ஜனங்கள் உடல்களை அப்பால் இழுத்துப் போட்டார்கள். அப்போது எடுத்த படம்தான் அது. அந்த நீரைத்தான் அந்த ஜனங்களும் நம்பியிருந்தார்கள்!

அந்தப் பக்கத்தில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். மார்ச் முதல் மே வரை பெய்வது பெரிய மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது சின்ன மழை. ஒன்று பொய்த்தால் அடுத்ததை நம்பி வயிற்றைக் கட்டிக்கொள்ளலாம். 2020-ஆம் வருஷக் கடைசியில் சின்ன மழை பொய்த்தது. 2021-ல் இரண்டும் பொய்த்தன. 2022-லும் இரண்டும் பொய்த்தன. ஆக மொத்தம் ஐந்து மழைக்காலங்கள், ஒன்றன் பின் ஒன்றாக! நாற்பது வருஷங்களில் இம்மாதிரி கண்டதில்லை என்றார்கள். கென்யா மட்டுமல்ல, பக்கத்திலுள்ள எதியோப்பியாவின் தென்பகுதியும் சோமாலியாவும் சேர்ந்து வறண்டன.

ஏன் பெய்யவில்லை? நம் மெரினாக் கரையில் வந்து மோதும் அலையும், கென்யாவின் மொம்பாசாக் கரையில் மோதும் அலையும் ஒரே இந்து மகா சமுத்திரத்து அலைதான். சமுத்திரத்தின் மேற்குப் பக்கம் வெதுவெதுப்பாயிருந்தால் கிழக்கு ஆப்பிரிக்காவில் மழை கொட்டும். கிழக்குப் பக்கம், அதாவது இந்தோனேசியாப் பக்கம், அதிகம் வெதுவெதுப்பானால் மேகங்கள் அங்கே போய்விடும். 2022-ல் அப்படித்தான் ஆயிற்று. பசிபிக் சமுத்திரமும் தன் பங்குக்குக் குளிர்ந்து போய், மூன்று வருஷங்களாக மழைக்கு எதிராக நின்றது. இதற்கு 'லா நினா' என்று பெயர். அதிலும் பாருங்கள், ஸ்பானிஷ் பாஷையில் 'சின்னப் பெண்' என்று அர்த்தமாம். பழி யார் மேல் விழுகிறது பார்த்தீர்களா!

ஆனால் எல்லாப் பழியையும் சமுத்திரத்தின் மேல் போட முடியாது. பல தேசத்து விஞ்ஞானிகள் சேர்ந்து 2023-ஆம் வருஷம் ஏப்ரலில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மனிதன் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து உலகத்தைச் சூடாக்கியதால், இம்மாதிரி பயிரை வாட்டும் வறட்சி வரக்கூடிய வாய்ப்பு சுமார் 100 மடங்கு கூடிவிட்டது என்றார்கள். பெய்கிற மழை குறைந்தது மட்டுமல்ல. பெய்த கொஞ்ச மழையையும் சூடு உறிஞ்சிக்கொண்டது. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீரை நீங்கள் பார்த்ததில்லையா? அந்தக் கதைதான்.

*

கென்யாவின் நிலத்தில் ஐந்தில் நாலு பங்கு வறண்ட பூமி. அங்கே சம்பூரு, துர்க்கானா, போரானா, ரெந்தில்லே, சோமாலி என்று பல ஜனங்கள் ஆடு, மாடு, ஒட்டகம் மேய்த்துப் பிழைக்கிறார்கள். நம் பழைய தமிழில் 'மாடு' என்றால் செல்வம் என்று ஒரு அர்த்தம் உண்டல்லவா? அந்த அர்த்தம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்களுக்கு மாடுதான் நகை. மாடுதான் பாங்கிக் கணக்கு. கல்யாணத்துக்குப் பெண் வீட்டுக்குக் கொடுப்பதும் மாடுதான். குழந்தைக்குப் பாலும் அதுவே.

மழை தவறினால் முதலில் காய்வது புல். அதனால் முதலில் விழுவது புல்லை நம்பிய பசுமாடும் செம்மறியாடும். செடி கொடிகளைக் கடிக்கும் வெள்ளாடு அதற்கப்புறம். மரத்து உச்சி வரையில் எட்டித் தின்னும் ஒட்டகம் எல்லாவற்றுக்கும் கடைசி.

இப்போது ஒரு குடும்பத்தலைவியின் இடத்தில் உங்களை வைத்து யோசித்துப் பாருங்கள். கொட்டிலில் பத்து மாடுகள் இருக்கின்றன. ஒரு மழை பொய்த்தது. விற்றுவிடலாமா? இன்னும் நல்ல விலை கிடைக்கும். ஆனால் அடுத்த மாதமே மழை பெய்துவிட்டால், கையிலிருந்த நகையைக் காரணமில்லாமல் விற்ற கதையாகுமே! காத்திருக்கிறாள். இரண்டாவது மழையும் பொய்த்தது. மாடு மெலிந்தது. இப்போது எல்லாருமே சந்தைக்கு ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். மாட்டு விலை பாதாளத்துக்குப் போகிறது. சோள மாவு விலை ஆகாசத்துக்குப் போகிறது. மூன்றாவது மழையும் பொய்த்தபோது, மாட்டுக்குச் சந்தை வரையில் நடக்கத் தெம்பில்லை. விற்கவும் முடியாது, அறுத்தால் எலும்பும் தோலும்தான். அந்த வறட்சியில் கென்யாவில் மட்டும் 25 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. அத்தனைக்கும் பின்னால் அத்தனை கணக்குகள், இரவு தூங்காமல் போட்ட கணக்குகள், இருந்திருக்கும் அல்லவா?

மீந்த மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆண்கள் புல்லைத் தேடி வெகு தூரம் போய்விடுகிறார்கள். எங்கே புல் இருக்கிறதோ அங்கே இன்னொருவருடைய மந்தையும் இருக்கும். சச்சரவு வரும், சில சமயம் துப்பாக்கிச் சூடும் நடக்கும். வீட்டில் தங்குகிறவர்கள் யார்? ஸ்திரீகளும் குழந்தைகளும் கிழவர்களும். பால் தரும் மாடும் போய்விட்டது. 20 லிட்டர் பிடிக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் டின்னை முதுகில் சுமந்தோ, கழுதை மேல் ஏற்றியோ, மைல் கணக்கில் நடந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று அளந்து கொடுப்பது தாய்தான். தன் பங்கை அவள் எப்படி அளந்திருப்பாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. கையில் ஒன்றும் இல்லாத வீட்டில், பள்ளிக்கூடம் போகும் பெண்ணை நிறுத்திவிட்டு அவசரமாகக் கல்யாணம் செய்து கொடுக்கிறார்கள். சாப்பிட ஒரு வாய் குறையும்; வரும் மாட்டினால் சில நாள் ஓடும். வானம் பொய்த்ததற்குப் பதிமூன்று வயதுக் குழந்தை விலை கொடுக்கிறாள்.

*

தெற்கே கிட்டுயி, மச்சாக்கோஸ் முதலிய ஜில்லாக்களில் காம்பா ஜனங்கள் மக்காச் சோளமும் காராமணியும் பயிர் செய்கிறார்கள். குடியானவனுக்கு நேரும் கஷ்டம் வேறு விதம். வானம் இருட்டுகிறது, ஒரு மழை பெய்கிறது, இதோ வந்துவிட்டது என்று விதைக்கிறான். முளை வந்ததும் மழை நின்றுவிடுகிறது. விதை போயிற்று. அடுத்த பருவத்துக்கு மறுபடி விதை வேண்டும். வீட்டில் இருக்கும் சோளத்தைப் பசிக்குத் தின்பதா, விதைக்கு வைப்பதா? ஐந்து பருவம் இப்படி ஏமாந்தவனைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆனால் அந்தப் பெண்கள் செய்திருக்கும் ஒரு காரியம் என்னை வியக்க வைத்தது. அங்கே ஆறுகள் மழைக்காலத்தில் மட்டும் ஓடும். மற்ற நாளெல்லாம் வெறும் மணல். குறுக்கே பாறை மேல் ஒரு கெட்டியான சுவரைக் கட்டிவிடுகிறார்கள். வெள்ளம் வரும்போது மணலை அடித்துக்கொண்டு வந்து சுவருக்குப் பின்னால் நிரப்பிவிடுகிறது. "அட, அணையில் மணல் நிரம்பினால் கெடுதல் அல்லவா?" என்பீர்கள். இங்கே அதுதான் வேண்டும்! அந்த மணலுக்குள், பத்தில் நாலு பங்கு வரையில், தண்ணீர் ஒளிந்துகொண்டிருக்கும். வெயில் அதைத் தொட முடியாது; கொசு முட்டையிட முடியாது. மாதக்கணக்கில், ஊற்றுத் தோண்டி எடுத்துக்கொள்ளலாம். பாலாற்று மணலில் ஊற்றுப் பறித்துச் சிரட்டையால் மொண்ட பாட்டிகள் உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், இது அவர்களுக்கு உடனே புரியும். இந்த மணல் அணைகளுக்குக் கல் சுமப்பதும் மண் சுமப்பதும் பெரும்பாலும் பெண்கள் சங்கங்கள்தான்.

*

மணலில் ஊற்றுத் தோண்டும் வித்தை மனிதருக்கு மட்டும் தெரிந்ததல்ல. சம்பூரு ஜில்லாவில் எவாசோ நிரோ என்ற ஆறு வற்றிப்போகும் நாட்களில் யானைகள் வந்து முன்காலாலும் தும்பிக்கையாலும் மணலைப் பறிக்கும். தண்ணீர் ஊறும் வரையில் பொறுமையாக நின்று குடிக்கும். அவை போன பிறகு, வரிக்குதிரைகளும் குரங்குகளும் மற்றச் சிறு பிராணிகளும் அதே குழியில் தாகம் தீர்த்துக்கொள்ளும். யானை வெட்டிய கிணறு, ஊருக்கெல்லாம் பொதுக் கிணறு!

அந்த யானைகளையும் வறட்சி விடவில்லை. 2022-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை, ஒன்பது மாதத்தில், 205 யானைகள் மாண்டதாகக் கென்யா சர்க்கார் கணக்குக் கொடுத்தது. 512 காட்டு மாடுகள், 381 சாதாரண வரிக்குதிரைகள், 51 எருமைகள், 12 ஒட்டகச் சிவிங்கிகள். கண்ணில் பட்டவை இவ்வளவு, படாதவை எத்தனையோ.

அந்தப் பட்டியலில் 49 என்று ஒரு சின்ன எண் இருக்கிறது. அதுதான் பெரிய நஷ்டம். கிரேவி வரிக்குதிரை என்று ஒரு ஜாதி. மெல்லிய கோடுகளும் வட்டமான பெரிய காதுகளுமாக, பார்க்க வெகு அழகு. பிரான்ஸ் தேசத்து ஜனாதிபதி கிரேவிக்கு அன்பளிப்பாக அனுப்பியதால் 1882-ல் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 2021-ல் கென்யா முழுவதும் எண்ணிப் பார்த்ததில் இவை 2,649-தான் இருந்தன. யானைகளோ 36,280. ஆயிரம் ரூபாய் உள்ளவனுக்கு ஐந்து ரூபாய் போவதும், ஐம்பது ரூபாய் உள்ளவனுக்கு ஒரு ரூபாய் போவதும் ஒன்றாகுமா? அதனால்தான் அந்த வருஷம் கிரேவி வரிக்குதிரைகளுக்காகக் காட்டில் வைக்கோல் கட்டுகளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

*

இனி, நான் ஆரம்பத்தில் சொன்ன பதிலுக்கு வருகிறேன்.

கென்யாவுக்குப் பக்கத்துத் தேசமான தான்சானியாவில் தராங்கிரே என்று ஒரு வனம் இருக்கிறது. 1993-ல் அங்கே 35 வருஷங்களில் காணாத வறட்சி வந்தது. அந்த வனத்தின் யானைக் கூட்டங்கள் மூன்றை விஞ்ஞானிகள் கவனித்து வந்தார்கள். 81 குட்டிகளில் 16 குட்டிகள் ஒன்பது மாதத்தில் இறந்துவிட்டன. நல்ல வருஷத்தில் நூற்றுக்கு இரண்டுதான் சாகும்.

ஆனால் மூன்று கூட்டத்துக்கும் நஷ்டம் ஒரே மாதிரி இல்லை. இரண்டு கூட்டங்கள் வனத்தை விட்டே கிளம்பி வேறெங்கோ போய்விட்டன. அவற்றில் குட்டிகள் குறைவாகவே இறந்தன. மூன்றாவது கூட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குத்தான் பலத்த அடி. ஏன் இப்படி? யானைக் கூட்டத்தில் தலைமை எப்போதும் மூத்த பெண் யானைக்குத்தான். கிளம்பிப் போன கூட்டங்களில், 1958 முதல் 1961 வரை வந்த முந்தின பெரும் வறட்சியைப் பார்த்த வயதான பெண் யானைகள் இருந்தன. அப்போது அவை சின்னக் குட்டிகள். பாட்டி பின்னால் நடந்து எங்கேயோ தண்ணீர் கண்டிருக்கும். முப்பது வருஷங்களுக்கு மேல் கழித்து அந்த ஞாபகம் பேரன் பேத்திகளைக் காப்பாற்றிற்று என்பது விஞ்ஞானிகளின் ஊகம். 2008-ல் இதை வெளியிட்டார்கள்.

சரி, தங்கிவிட்ட கூட்டத்தில் பாட்டிகள் என்ன ஆனார்கள்? 1970, 80-களில் தந்தத்துக்காகத் திருடர்கள் யானைகளைச் சுட்டுத் தள்ளினார்களே, அதில் பெரிய தந்தமுள்ள மூத்த யானைகள் போய்விட்டன. சுட்டவன் தந்தத்தை மட்டும் கொண்டுபோனதாக நினைத்திருப்பான். ஒரு கூட்டத்தின் ஞாபகத்தையே கொண்டுபோய்விட்டான். பலன் பத்து இருபது வருஷம் கழித்துக் குட்டிகளின் தலையில் விடிந்தது!

*

மனிதர்களும் சும்மா இருக்கவில்லை. சம்பூருவில் ரெட்டெட்டி என்ற இடத்தில், 2016 முதல், தாயை இழந்த யானைக் குட்டிகளை எடுத்து வளர்க்கிறார்கள். வளர்ப்பவர்கள் அந்த ஊர் ஆட்களே, பெண்களும் உட்பட. சம்பூரு ஆண்கள் ஆழமான கிணற்றுக்குள் ஒருவர் மேல் ஒருவராக நின்று, பாடிக்கொண்டே வாளியைக் கைமாற்றி மேலே கொடுத்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பாட்டு. தன் வீட்டுப் பாட்டைக் கேட்டால்தான் மாடு வரும். ராத்திரியில் அதே கிணறுகளுக்கு யானைகளும் வரும். சில சமயம் குட்டி உள்ளே விழுந்துவிடும். அப்படி விழுந்த குட்டிகள் பல ரெட்டெட்டிக்கு வந்து சேர்ந்தன. முதலில் அவற்றுக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தார்கள். பிறகு ஆட்டுப் பால் ஒத்துக்கொள்கிறது என்று கண்டுகொண்டார்கள். சுற்றுப்புறத்துப் பெண்கள் ஆட்டைக் கறந்து பால் கொண்டு வந்து கொடுத்துக் காசு வாங்கிப் போகிறார்கள். யானைக் குட்டி பிழைக்கிறது. பெண்ணின் கையில் சொந்தக் காசு புழங்குகிறது.

இன்னும் சிலர் பசுவை விட்டு ஒட்டகத்துக்கு மாறுகிறார்கள். சம்பூரு ஜில்லா நிர்வாகமே 2015 முதல் குடும்பங்களுக்கு ஒட்டகம் கொடுத்து வருகிறது. இசியோலோ நகரில் அனோலெய் என்ற பெண்கள் கூட்டுறவுச் சங்கம் ஒட்டகப் பாலைப் பஸ்ஸில் ஏற்றித் தலைநகரான நைரோபிக்கு அனுப்புகிறது. நம் ஊரில் ஆவின் பூத் வாசலில் நிற்கும் நமக்கு இது அதிசயமாயிராது. ஆனால் அதே பெண்களின் தாய்மார் பாலை விற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்ஷூரன்ஸும் உண்டு. 2010 முதல் மர்சாபிட் ஜில்லாவில் மந்தைக்கு இன்ஷூரன்ஸ் ஆரம்பித்தார்கள். செயற்கைக்கோள் ஆகாயத்திலிருந்து பூமியின் பச்சையைப் பார்க்கும். பச்சை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைந்தால் பணம் வரும். முதலில் மாடு செத்திருக்கும் என்ற கணக்கில் கொடுத்தார்கள். பிறகு, சாகுமுன் தீனி வாங்கக் கொடுப்பதே புத்தி என்று மாற்றினார்கள். குறை இல்லாமலில்லை. செயற்கைக்கோளுக்குப் பச்சையெல்லாம் பச்சைதான். எது தின்னும் பச்சை, எது தின்னாத முள் என்று ஆட்டைக் கேட்டால் அல்லவா தெரியும்?

*

கடைசியில் 2023-ஆம் வருஷம் மார்ச்சில் மழை வந்தது. அப்பாடா என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எலும்பும் தோலுமாயிருந்த ஆடுகள் முதல் மழையின் குளிர் தாங்காமல் விறைத்து விழும் என்பது மேய்ப்பவர்களுக்குப் பழகிய துயரம். அந்த வருஷக் கடைசியிலோ மழை வெள்ளமாகவே வந்து, வறட்சிக்குத் தப்பியதில் ஒரு பங்கை அடித்துக்கொண்டு போயிற்று. புல் சில வாரத்தில் முளைத்துவிடும். ஆட்டு மந்தை இரண்டு மூன்று வருஷத்தில் பெருகிவிடும். மாட்டு மந்தைக்கு அதைவிட நாளாகும். யானை 22 மாதம் சுமந்து ஒரு குட்டி போடும். 205 யானைகளை எத்தனை வருஷத்தில் ஈடு செய்வது? பள்ளிக்கூடத்தை விட்டு மணமாகிப் போன பெண்ணுக்கு எந்த மழை பெய்து என்ன?

இதையெல்லாம் எதிர் வீட்டு மாமியிடம் குடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சொன்னேன். யானைப் பாட்டியின் கதையைக் கேட்டு மாமி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சட்டென்று மௌனமானாள்.

"எங்க அம்மா இருந்தவரைக்கும் கொல்லைக் கிணற்றை மூட விட மாட்டேன்னு சண்டை போட்டாள். அவள் போன மறு வருஷமே மூடிக் கார் நிறுத்தற இடமாப் பண்ணிட்டோம்" என்றாள்.

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு கிணறு இருந்தது. எந்த மூலையில் என்று என் மாமியாருக்குத் தெரியும். அவருக்கு இப்போது வயது எண்பத்து நாலு. இன்று சாயங்காலம் விளக்கு வைத்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப் போகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருந்தால், சகோதரிகளே, நீங்களும் இந்த வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.